வெள்ளித்தாள் உரித்த ஞாயிறு

ஆய்வகத்தில் கேக் வெட்டினால் யாருக்கோ பிறந்த நாள், இல்லாவிட்டால் யாரோ வேலையை விட்டுப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்தத் திங்கட்கிழமை ஒரு கோட்டுக்காக வெட்டினார்கள்.

கோடு திரையில் இருந்தது. இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை, துணி காயப்போடும் கயிற்றை இழுத்துக் கட்டினது மாதிரி நேராகப் போயிற்று. மேடம் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, கல்யாண மேடையில் பெண்ணின் தாயார் சிரிப்பதைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தின் தலைவி அவர். கெட்டிக்காரர்தான். ஆனால் நல்ல செய்தி என்றால் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடுகிறவர்.

அந்தக் கோட்டின் அருமை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பொறுமை வேண்டும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் அறை இருக்கிறது. ‘இன்ன புரதத்தைச் செய்’ என்று அங்கிருந்து சீட்டு எழுதி வெளியே அனுப்புவார்கள், ஓட்டல் சமையலறைக்கு ஆர்டர் சீட்டு போகிற மாதிரி. புத்தகத்தில் அதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். இங்கே எல்லோருக்கும் அது சீட்டுதான். சீட்டு கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு கிழிந்துபோகும். இவர்கள் ஆராய்கிற நோயில் ஒரு குறிப்பிட்ட சீட்டு, சமையல்காரர் படித்து முடிப்பதற்குள்ளேயே கிழிந்துவிடுகிறது. அதைக் கிழியாமல் காப்பாற்ற ஒரு மருந்து கிடைக்குமா என்பதுதான் நாலு வருஷத்துக் கேள்வி.

சீட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பதற்கு முதலில் புதுச் சீட்டு எழுதுவதை நிறுத்தியாக வேண்டும். எழுதிக்கொண்டே இருந்தால் எது பழசு, எது புதுசு என்று யார் கண்டார்? நிறுத்துவதற்கென்றே தனி மருந்து உண்டு. அதன் நிஜப் பெயர் வாயில் நுழையாது என்பதால் ஆய்வகத்தில் அதைப் பூட்டு என்பார்கள். கிண்ணத்தில் வளரும் செல்களுக்குப் பூட்டைப் போட்டுவிட்டு, மணிக்கொருதரம் கொஞ்சம் எடுத்து, எத்தனை சீட்டு மிச்சம் என்று எண்ணுவார்கள். கோடு எப்போதும் சறுக்குமரம் போலச் சரிந்து விழும். இந்தப் புது மருந்து போட்ட செல்களில் மட்டும் விழவே இல்லை. கண்டுபிடித்தவள், அங்கே வேலை பார்க்கும் லேபிளின் மனைவி.

லேபிள் என்பது அவனுடைய பெற்றோர் வைத்த பெயர் இல்லை. கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் சீட்டு ஒட்டுகிறவன் என்பதால் வந்த பெயர். விளக்கு சுவிட்சுக்குக்கூட ‘விளக்கு’ என்று ஒட்டியிருந்தான். கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றான். தின்றான். இனிப்பாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

முன்வரிசையில் மனைவி கை குலுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டை விட்டு அண்ணன் வீட்டுக்குப் போய் ஐந்து வாரம் ஆயிற்று. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாதவர்கள் போலவே இருந்தார்கள். சண்டை என்று ஒன்றும் கிடையாது. போன வருஷம் அவனுடைய அம்மா போய்ச் சேர்ந்ததிலிருந்து அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழவும் இல்லை. காலையில் எழுந்தான், வேலைக்கு வந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான். அவள் பேசிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல நின்றான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “சுவத்துக்கிட்ட பேசிப் பேசி எனக்குத் தொண்டை போச்சு” என்று சொல்லிவிட்டுச் சின்னப் பையோடு கிளம்பினாள். அவன் வாசல் வரை போய்க் கதவைத் திறந்துவிட்டான். கதவைத் திறந்துவிட்ட ஆளை என்ன சொல்ல? எனக்கே அவனைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது.

கேக் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, மதிய வேலைக்கு வேண்டியதை எடுக்கக் குளிர்பெட்டிக்குப் போனான். இது மேடம் ஆசைப்பட்டு வாங்கிய புதுப் பெட்டி. ஆள் உயரம், முழுக்கக் கண்ணாடிக் கதவு, உள்ளே பகல் போல வெள்ளை விளக்கு, அணைகிற பேச்சே கிடையாது. நகைக்கடை என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் இதற்கு மாற்றி, புது லேபிள் ஒட்டி, வரிசையாக அடுக்கியது அவன்தான். மூன்றாவது தட்டில் பூட்டுக் குப்பிகள் சின்னச் சின்னதாக, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. எல்லாவற்றிலும் அச்சடித்த லேபிள். ஒன்றில்கூட வெள்ளித்தாள் இல்லை.

கதவைப் பிடித்தபடியே நின்றான். பூட்டு மருந்துக்கு வெளிச்சம் ஆகாது. பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அதனால்தான் எந்த ஆய்வகத்திலும் அதை வெள்ளித்தாளில் சுற்றி வைப்பார்கள். முதல் நாள் வேலைக்கு வருகிறவருக்கும் இதைத்தான் முதலில் சொல்லித்தருவார்கள். பழைய குப்பிகளில் கசங்கிய தாள், அதன் மேல் ஆளுக்கொரு கையெழுத்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அன்றைக்கு அவன் ஒவ்வொன்றாக உரித்து, துடைத்து, லேபிள் ஒட்டினான். உரித்த தாளையெல்லாம் உருட்டிக் குப்பைத்தொட்டியில் எறிந்தது கையில் இன்னும் நினைவிருந்தது.

பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ‘மூன்றாவது தட்டு, வெளிச்சம், ஐந்து வாரம்’ என்று மட்டும் மனசில் ஓடியது.

செல் கிண்ணங்கள் வரிசையாக அமைந்த தன் மருந்துத் தட்டுக்கு மனைவி பூட்டு எடுத்தது இந்தக் குப்பிகளிலிருந்துதான். மருந்து போடாத தட்டையும் அன்றைக்கே வைத்துப் பார்த்திருந்தால் குட்டு அப்போதே உடைந்திருக்கும். ஆனால் அவை ஒரு நோயாளியின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள், ஆமை வேகத்தில் பெருகுபவை. போதவில்லை. “மருந்து போடாத கோடுதான் ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தது இருக்கே, அதையே பக்கத்துல வெச்சுக்கலாம்” என்று மேடம் சொல்லிவிட்டார். அந்தப் பழைய கோடு, வெள்ளித்தாள் இருந்த காலத்துக் கோடு.

அப்படியானால் அவளுடைய நேர்க்கோடு மருந்தின் மகிமை இல்லை. பூட்டு பூட்டவில்லை. சீட்டுகள் கிழிந்துகொண்டேதான் இருந்தன, உள்ளே புதிதாக எழுதிக்கொண்டும் இருந்தார்கள்.

யாரிடமும் சொல்லாமல் சோதித்துப் பார்த்தான். சீக்கிரம் வளரும் வேறு செல்களை எடுத்தான். பாதிக்கு நகைக்கடைப் பூட்டு. மறு பாதிக்கு, பிரிக்காத பாட்டிலை உடைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் புதிதாகக் கரைத்த பூட்டு. எல்லாச் செல்லிலும் அற்பாயுசுச் சீட்டு ஒன்று இருக்கும், நிஜமாகவே பூட்டினால் இரண்டு மணி நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் போகும். செவ்வாய்க்கிழமை கருவி விடையைக் காட்டியது. புதுப் பூட்டில் அந்தச் சீட்டு காணாமல் போயிருந்தது. நகைக்கடைப் பூட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், டயர் கடை வைத்திருப்பவர், கையைக் கழுவினாலும் நகத்துக்குள் கருப்பு போகாது. தங்கையின் பெரிய பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தார்.

“சின்னப் பையில போனவளுக்குப் பெரிய பெட்டி எதுக்குன்னு கேளு, மாப்ள.”

“எதுக்கு?”

“கேட்கச் சொன்னாத்தான் கேப்பியா? வேற ஊர்ல வேலை வருது அவளுக்கு. பெரிய இடம். வெள்ளிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர்ல பேச்சு. என்னமோ கோடாம், அது கீழ விழலையாம். அதைக் காட்டிட்டா வேலை கையிலயாம்.”

அலமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கினார்கள். தூசி பறந்தது. லேபிள் துணியால் துடைத்தான், நன்றாகவே துடைத்தான்.

“மச்சான், அந்தக் கோடு தப்பு.”

மச்சான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவன் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. புரிந்ததா என்றால், டயர்க்காரருக்குப் புரிய வேண்டிய அளவுக்குப் புரிந்தது.

“காத்து இறங்கலைன்னு சந்தோஷப்பட்டிருக்காங்க, அடியில ஒருத்தன் பம்ப் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கான். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“யாரால ஆச்சு?”

“என்னால.”

“நல்லாருக்கு போ! இப்ப நீ போய் இதைச் சொன்னா அவ என்ன நினைப்பா? போக விடாம பண்றதுக்குக் கதை கட்டுறான்னு நினைப்பா. நான் அவளா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.”

“சொல்லலன்னா?”

“கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். இவ புளுகுறோம்னே தெரியாம புளுகப் போறா. அங்க போய் மாட்டுவா.” மச்சான் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “சரி, உண்மையைச் சொல்லு மாப்ள. அவ போகணுமா, இருக்கணுமா? உனக்கு என்ன வேணும்?”

லேபிள் யோசித்தான். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டபின் நாக்கால் தடவிப் பார்ப்போமே, அப்படி உள்ளே தடவிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

“தெரியல மச்சான்.”

“உன்னை வெச்சுக்கிட்டு ஒரு டயரைக்கூட ஒட்ட முடியாது” என்று சொல்லிவிட்டு மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். படியில் அது இடித்துக்கொண்டே போன சத்தம் கேட்டது.

புதன்கிழமை காலை, செல் வளர்க்கும் அறையில் மனைவி தனியாக இருந்தாள். கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். முடிவில் சோதனைப் படத்தை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“அண்ணன் வந்து சொல்லிட்டாரா? வெள்ளிக்கிழமை பேச்சுன்னு தெரிஞ்சதும் ஓடி வந்துட்டே.”

“கோடு தப்புன்னு திங்கக்கிழமையே தெரியும்.”

“ஒரு வருஷமா வாயைத் திறக்கல. ‘ஏன் இப்படி இருக்கே’ன்னு கேட்டா ‘ஒண்ணுமில்ல’. ‘நான் போறேன்’னா ‘சரி’. இப்ப என் வாழ்க்கையில உருப்படியா ஒண்ணு நடக்குதுன்னதும் மட்டும் உனக்குப் பேச்சு வருதா?”

அவள் குரல் நடுங்கியது. அவனுக்கு நடுங்கவில்லை. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

“நீ போ. நான் தடுக்கல. இந்தக் கோட்டை மட்டும் எடுத்துக்கிட்டுப் போகாத.”

“நான் போறதுல உனக்கு ஒண்ணுமே இல்லையா?”

இங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். ‘இருக்கு’ என்றால் சொன்னதெல்லாம் சூழ்ச்சியாகிவிடும். அவள் நம்பமாட்டாள், பொய்க் கோட்டோடு கிளம்பிவிடுவாள். ‘இல்லை’ என்றால்தான் உண்மை எடுபடும். அதோடு, அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்தவரை அது பொய்யும் இல்லை.

“இல்ல” என்றான்.

அவள் கையுறையைக் கழற்றினாள். பிறகு கையை நீட்டிப் படத்தை வாங்கினாள். படித்தாள். நாலு வருஷமாகச் சீட்டு எண்ணுகிறவளுக்கு இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருக்கவில்லை.

“நோயாளி செல் ரெண்டு தட்டுக்கு இருக்கு. அதுக்கு மேல இல்ல” என்றாள். “ஒண்ணுல மருந்து, ஒண்ணு வெறும். ரெண்டையும் ஒரே நேரத்துல. புதுசாக் கரைச்ச பூட்டு. நாளைக்கு. தனியாளா முடியாது, நீதான் கூட நிக்கணும்.”

வியாழக்கிழமை நின்றார்கள். விளக்கை அணைத்துவிட்டு அவன் பூட்டைக் கரைத்தான், கையோடு வெள்ளித்தாளில் சுற்றினான். ஆளுக்கொரு தட்டு, ஒரே நொடியில் ஊற்றினார்கள். கடிகாரத்தைத் திருகி நடுவில் வைத்தார்கள். அது மணியடிக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து, ஆளுக்கொரு கிண்ணத்தைக் கழுவி, செல்களைக் கரைத்து, குப்பியில் பிடித்து, பனிக்கட்டியில் குத்திவைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்கள். கல்யாணமான புதிதில் இதே மாதிரி எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது மணிக்கும் மணிக்கும் நடுவே சீட்டு ஆடுவார்கள். அவள் தோற்றால் கடிகாரத்தைத் திருகி ஆட்டத்தைக் கலைத்துவிடுவாள்.

மூன்றாவது மணி அடித்து உட்கார்ந்த பிறகு அவள் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணு புரியல. ஃபாயிலை ஏன் உரிச்சே? மத்தவங்க செஞ்சா சரி. புதுசா வர்றவங்களுக்கு அதைச் சொல்லித்தர்றவனே நீதானே?”

“தெரியல. க்ளீன் பண்ணிக்கிட்டே இருந்தேன். கை ஓடிக்கிட்டே இருந்தது.”

“என்னிக்கு?”

“ஞாயித்துக்கிழமை.”

“எந்த ஞாயித்துக்கிழமை?”

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவளே எழுந்து நகைக்கடைப் பக்கம் போனாள். அவன் ஒட்டுகிற லேபிளில் ஒட்டிய தேதி எப்போதும் இருக்கும். முதல் தட்டைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், குனிந்து அடித்தட்டையும் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“நான் போன அன்னிக்கா இங்க வந்தே?”

“ம்.”

“எத்தனை மணி வரைக்கும்?”

“வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டுற வரைக்கும்.”

“அழுதியா?”

“இல்ல. லேபிள் ஒட்டினேன்.”

அவள் கையுறை விரல்களைக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படிச் செய்யக் கூடாது என்று அவனுக்குச் சொல்லத் தோன்றியது, நல்லவேளை சொல்லவில்லை. கடிகாரம் அடித்தது. இருவரும் எழுந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை விடை வந்தது. இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக, கைகோத்துக்கொண்டு சறுக்கினமாதிரி விழுந்தன. மருந்துக்கும் வெறும் தட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். “கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா ஆச்சே” என்றார். அவனைத் திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை. பழைய கோட்டைப் பக்கத்தில் வைக்கச் சொன்னது யார் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. கருப்புக் காகிதம் வாங்கிவந்து கண்ணாடிக் கதவில் ஒட்டச் சொன்னார். நகைக்கடைக்கு அன்றோடு கதவடைப்பு.

மதியம் மனைவி திரைக்கு முன் உட்கார்ந்து, அந்தப் பெரிய இடத்துக்காரர்களிடம் முதலில் நேர்க்கோட்டைக் காட்டினாள். அடுத்து விழுந்த கோடுகளைக் காட்டினாள். எப்படித் தப்பு நடந்தது, எப்படிப் பிடித்தார்கள் என்று சொன்னாள். யாரால் என்று மட்டும் சொல்லவில்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்ற லேபிள் முழுவதையும் கேட்டான். வேலை போயிற்று என்று அவளும் நினைத்தாள், அவனும் நினைத்தான்.

அங்கேதான் விஷயம் புரண்டது. அடுத்த வாரமே கடிதம் வந்துவிட்டது. கோடு விழாதவர்கள் தங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், தன் கோட்டைத் தானே அழிக்கிறவர்தான் தங்களுக்கு வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவளைப் போகவிடாமல் தடுப்பதற்கென்று அவள் சந்தேகப்பட்ட அதே பேச்சு, அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டது.

கிளம்புகிற நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வந்தாள். கீழே மச்சான் வண்டியோடு நின்றார், பின்சீட்டில் பெரிய பெட்டி. கடைசியாக அவன் மேசைக்கு வந்தாள்.

“ஏதாவது சொல்லணுமா?”

“அங்கேயும் கண்ணாடிக் கதவா இருக்கும். ஃபாயில் சுத்தி வை.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

புதிதாகக் கரைத்த பூட்டு நிறையக் குப்பிகளில் காத்திருந்தது. விளக்கைக் குறைத்துவிட்டு வெள்ளித்தாளைச் சதுரம் சதுரமாகக் கிழித்தான். ஒரு குப்பியைச் சுற்றினான், லேபிள் ஒட்டினான். இன்னொன்று. லேபிளில் அன்றைய தேதி இருந்தது. மூன்றாவதை ஒட்டும்போது தேதி சரியாகத் தெரியவில்லை. அச்சு கலங்கியிருக்கிறது என்று நினைத்துக் கட்டைவிரலால் துடைத்தான். விரல்தான் நனைந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோன அன்று வீட்டுப் பாத்திரம் முழுவதையும் இவன் விளக்கி அடுக்கினான், அது இப்போது ஞாபகம் வந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ, மரத்த காலை ஊன்றினால் ஊசி குத்துமே, அப்படிக் குத்த ஆரம்பித்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். வலித்தது. சும்மா இல்லை, நன்றாக வலித்தது.

போனை எடுத்தான். அவள் உடனே எடுத்தாள். பின்னால் பேருந்து நிலையத்து இரைச்சல்.

“என்ன லேபிள்?”

“போகாத.”



“இதை அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே” என்றாள். “வாசல்ல நின்னப்ப.”

“அன்னிக்கு வலிக்கல.”

“இப்ப வலிக்குதா?”

“வலிக்குது.” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “ரொம்ப வலிக்குது.”

மச்சான் யாரிடமோ பெட்டியைப் பார்த்து ஏற்றச் சொல்லிக் கத்துவது கேட்டது. ஒரு கதவு அடைபட்டது.

“நான் ஏறிட்டேன்” என்றாள் அவள். “வேலைல சேர்றேன்னு எழுதிக் குடுத்துட்டேன். போகத்தான் போறேன்.”

“தெரியும்.”

“போனை வெச்சிடாத.”

“வைக்கல.”

பேருந்து கிளம்புகிற சத்தம் கேட்டது. அவன் அழுதுகொண்டிருந்தான், ஒரு வருஷத்துக்கும் சேர்த்து. மறுமுனையில் அவள் அதைக் கேட்டுக்கொண்டே போனாள்.